டிகிண்டர் விட்ஜெட் சொன்ன பேச்சைக் கேட்கவில்லையா? கோளாறு வாரியாக ஒரு வழிகாட்டி

திண்டுக்கல்லில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு நான் எழுதிக்கொடுத்த பில் மென்பொருள் பைத்தானில், ஜன்னலும் பட்டனும் வரைந்து தரும் டிகிண்டர் நூலகத்தை வைத்துத்தான் ஓடுகிறது. அது போக, சாயங்காலங்களில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். கடையிலும் சரி, வகுப்பிலும் சரி, ஒரே வகைக் கோளாறுகள்தான் சட்டை மாற்றிக்கொண்டு வருகின்றன. "அண்ணா, கோடு எல்லாம் கரெக்டாத்தான் இருக்கு, ஆனா கலர் மாறல." இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

ஏன் இப்படி நடக்கிறது என்ற விளக்கத்துக்குள் அதிகம் போகப் போவதில்லை. உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். காசு, நேரம் செலவில்லாத காரணம் மேலே இருக்கும். கையைக் கடிப்பது கீழே இருக்கும். கட்டளைப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், எடிட்டரில் வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

## எதையும் தொடுவதற்கு முன்பு

புரோகிராமை ஐகானைத் தட்டித் திறக்காதீர்கள். டெர்மினலைத் திறந்து அதிலிருந்து ஓட்டுங்கள். பட்டனை அழுத்தும்போது வரும் பிழையை டிகிண்டர் டெர்மினலில்தான் எழுதும். ஜன்னல் எதுவுமே நடக்காததுபோல நின்றுகொண்டிருக்கும். "ஒன்றும் ஆகவில்லை" என்று வருகிற கேஸ்களில் நிறைய, டெர்மினலைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். செய்தி எவ்வளவு நீளமாக இருந்தாலும் கடைசி வரியை முதலில் படியுங்கள்.

அப்புறம் மூன்று விஷயங்களைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, சந்தேகப்படும் விட்ஜெட்டில் (பட்டன், பெட்டி, பட்டியல் என்று ஜன்னலில் இருக்கும் ஒவ்வொன்றும் ஒரு விட்ஜெட்) வின்ஃபோ_கிளாஸ் என்ற மெத்தடை அழைத்து அச்சிடுங்கள். 'பட்டன்' என்று வந்தால் அது பழைய டிகே வகை (டிகிண்டருக்கு அடியில் ஓடுவது டிகே). முன்னால் ஒரு 'டி' ஒட்டிக்கொண்டு 'டிபட்டன்' என்று வந்தால் அது டிடிகே வகை, அதாவது தீமை வைத்துத் தோற்றம் மாறும் புது விட்ஜெட். டிடிகே 2007-இல் டிகே 8.5-உடன் சேர்ந்து வந்தது. இரண்டும் ஒரே ஜன்னலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், ஆனால் நிறம் மாற்றும் முறை இரண்டுக்கும் வேறு.

இரண்டு, எந்தத் தீம் ஓடுகிறது என்று பாருங்கள். டிடிகேயின் தோற்றத்தைக் கவனிக்கும் ஸ்டைல் பொருளின் தீம்_யூஸ் மெத்தடை வெறும் அடைப்புக்குறியோடு அழைத்தால் பெயர் வரும். சும்மா விட்டால் விண்டோஸில் 'விஸ்டா', மேக்கில் 'அக்வா', லினக்ஸில் 'டிஃபால்ட்' என்று இருக்கும்.

மூன்று, கோப்புகள் எல்லாவற்றிலும் 'டிகே()' என்று தேடுங்கள். ரூட் என்கிற முதன்மை ஜன்னலை உருவாக்குவது அதுதான். ஒரே ஒரு முறை வர வேண்டும். இரண்டு இருந்தால் மற்ற எதையும் பார்க்காமல் நேராகக் கோளாறு 5-க்குப் போங்கள்.

## கோளாறு 1: பட்டனுக்கு நிறம் கொடுத்தேன், மாறவில்லை

வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் கொண்டுவருவார்கள். மூன்று கிளையாகப் பிரியும்.

### 'அன்நோன் ஆப்ஷன்' என்று பிழை வருகிறது

டிடிகே பட்டனுக்கு நீங்கள் பிஜி (பின்னணி நிறம்) அல்லது எஃப்ஜி (எழுத்து நிறம்) கொடுத்திருக்கிறீர்கள். அதற்கு அந்த இரண்டுமே தெரியாது. "நான் சாதாரண பட்டன்தானே போட்டேன்" என்பவர்கள் கோப்பின் உச்சிக்குப் போய்ப் பாருங்கள். டிகிண்டரிலிருந்து நட்சத்திரம் போட்டு ஒரு இம்போர்ட், அதன் கீழே டிடிகேயிலிருந்து நட்சத்திரம் போட்டு இன்னொரு இம்போர்ட் இருக்கும். இரண்டாவது வரி பட்டன், லேபிள், என்ட்ரி, ஃபிரேம் போன்ற பெயர்களையெல்லாம் சத்தமில்லாமல் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். நேற்று வரை ஓடிய புரோகிராம், காம்போபாக்ஸ் (கீழே விரியும் தேர்வுப் பெட்டி) வேண்டும் என்று இன்று அந்த ஒரு வரியைச் சேர்த்ததும் படுத்துவிடுவது இதனால்தான்.

நட்சத்திர இம்போர்ட் இரண்டையும் எடுத்துவிடுங்கள். டிகே, டிடிகே என்று பெயர் வைத்து இம்போர்ட் செய்து, ஒவ்வொரு விட்ஜெட்டுக்கும் முன்னால் அந்தப் பெயரை எழுதுங்கள். கை கொஞ்சம் வலிக்கும். ஆனால் இந்தக் கோளாறு அந்தக் கோப்பில் மறுபடி வராது.

### 'லேஅவுட் நாட் ஃபவுண்ட்' என்று பிழை வருகிறது

ஸ்டைல் பெயர் தவறு. நீங்கள் வைக்கும் பெயர் புள்ளிக்கு முன்னால், மூலப் பெயர் புள்ளிக்குப் பின்னால்: 'பில்.டிபட்டன்' என்பதுபோல. 'பில்பட்டன்' என்று ஒட்டி எழுதினால் ஏற்காது. டிபட்டனில் 'டி'யும் 'பி'யும் பெரிய எழுத்து. ஒன்று சின்னதானாலும் இதே பிழைதான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் 'டி' போட்டுவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். வரிசை வரிசையாகப் பட்டியல் காட்டும் ட்ரீவியூவுக்கு 'டி' கிடையாது. புரோகிரஸ்பாருக்குப் படுக்கையா நெடுக்கையா என்றும் சொல்ல வேண்டும்: 'ஹொரிசான்டல்.டிபுரோகிரஸ்பார்'. நோட்புக்கின் தாவல்களுக்கு 'டிநோட்புக்.டேப்', ட்ரீவியூவின் தலைப்பு வரிசைக்கு 'ட்ரீவியூ.ஹெடிங்'. சந்தேகம் இருந்தால் ஊகிக்க வேண்டாம், வின்ஃபோ_கிளாஸைக் கேளுங்கள்.

### பிழையும் இல்லை, நிறமும் இல்லை

இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில், ஸ்டைலை உருவாக்கிவிட்டு விட்ஜெட்டுக்கு 'ஸ்டைல்' ஆப்ஷனைக் கொடுக்க மறந்திருக்கலாம். சிரிக்காதீர்கள், நானே போன வாரம் கால் மணி நேரம் இதில் மாட்டிக்கொண்டேன்.

அடுத்து, வரிசை. ஸ்டைலின் கான்ஃபிகர் மெத்தடில் கொடுப்பது அந்த நேரத்தில் ஓடும் தீமில்தான் பதியும். நிறங்களையெல்லாம் கொடுத்துவிட்டுக் கீழே தீம்_யூஸ் என்று தீமை மாற்றினால், எழுதியதெல்லாம் பழைய தீமிலேயே தங்கிவிடும். தீமைத் தேர்ந்தெடுக்கும் வரி முதலில், கான்ஃபிகர் வரிகள் அதற்குப் பின்னால்.

இரண்டும் சரியாக இருந்தும் மாறவில்லை என்றால் தீமே விடவில்லை என்று அர்த்தம். விஸ்டா தீமில் பட்டனை வரைவது விண்டோஸ். நீங்கள் கொடுக்கும் பேக்கிரவுண்ட் பட்டனின் ஓரத்தில் மெல்லிய கோடாகத் தெரிந்தால் உண்டு. அக்வாவிலும் இதே கதை. 'கிளாம்' தீமுக்கு மாறுங்கள், சொன்ன நிறத்தை எடுத்துக்கொள்ளும். திரை கொஞ்சம் பழைய லினக்ஸ் போலத் தெரியும். கடைக்காரர்கள் யாரும் இதுவரை என்னிடம் குறை சொன்னதில்லை, மாணவர்கள்தான் முகம் சுளிப்பார்கள்.

மேக்கில் ஒரு கூடுதல் சிக்கல்: அங்கே பழைய டிகே பட்டன்கூட பிஜியை மதிக்காது. விண்டோஸில் சிவப்பாக இருந்த பட்டன் மேக்கில் வெள்ளையாக நிற்கும். டிடிகே பட்டனும் கிளாம் தீமும்தான் சுலபமான வழி.

இதற்கு மேல் வட்டமான மூலை, நிழல், மெல்ல மாறும் நிறம் என்று கேட்டால் டிடிகேயில் ஒவ்வொன்றுக்கும் படம் வரைந்து ஒட்ட வேண்டியிருக்கும். வட்ட மூலை மட்டும் போதும் என்றால் கஸ்டம்டிகிண்டர் என்ற கூடுதல் நூலகத்தைப் போட்டுப் பாருங்கள். முழுத் தோற்றமும் மாற வேண்டும் என்றால் டிசைனர் ஒருவரிடம் கொடுத்துவிடுவது மலிவு.

## கோளாறு 2: நிறம் வருகிறது, மவுஸ் பட்டதும் ஓடிவிடுகிறது

பச்சைப் பட்டன் மீது மவுஸைக் கொண்டுபோனதும் சாம்பலாகிறது, விலக்கினால் மறுபடி பச்சை. கான்ஃபிகர் என்பது சாதாரண நிலைக்கான நிறம். மவுஸ் மேலே இருக்கும் நிலைக்குத் தீம் தனியாக ஒரு நிறம் வைத்திருக்கிறது, அதுதான் ஜெயிக்கும்.

பழைய டிகே பட்டன் என்றால் ஆக்டிவ்பேக்கிரவுண்டையும் சேர்த்துக் கொடுங்கள், முடிந்தது. டிடிகே என்றால் ஸ்டைலின் மேப் மெத்தடில் ஆக்டிவ் (மவுஸ் மேலே), பிரஸ்ட் (அழுத்தும்போது), டிசேபிள்ட் (முடக்கியது) ஆகிய மூன்று நிலைகளுக்கும் நிறம் கொடுங்கள். பட்டியலில் எது முதலில் பொருந்துகிறதோ அதுவே எடுபடும். அழுத்தும்போது மவுஸும் மேலேதான் இருக்கும் என்பதால் ஆக்டிவ் முன்னால் இருந்தால் பிரஸ்டுக்கு முறையே வராது. டிசேபிள்ட், பிரஸ்ட், ஆக்டிவ் என்ற வரிசை எனக்கு இதுவரை காலை வாரியதில்லை.

## கோளாறு 3: காம்போபாக்ஸ் தொல்லைகள்

இது ஒன்றில் நாலு கோளாறு. சின்னதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ரீட்ஒன்லி (தட்ட முடியாது, தேர்ந்தெடுக்க மட்டும் முடியும்) ஆக்கியதும் பெட்டி சாம்பலாகிறது. கிளாம் தீமில் இப்படித்தான் ஆகும். மேப் மெத்தடில் ஃபீல்ட்பேக்கிரவுண்டுக்கு ரீட்ஒன்லி நிலையில் வெள்ளை என்று கொடுங்கள். பேக்கிரவுண்டை எவ்வளவு மாற்றினாலும் எழுதும் பகுதி மாறாது, ஃபீல்ட்பேக்கிரவுண்டுதான் அதற்குரியது.

எல்லா இடத்திலும் ஃபான்ட் பெரிதாகிவிட்டது, பெட்டிக்குள் மட்டும் இல்லை. டிடிகே என்ட்ரியும் காம்போபாக்ஸும் ஸ்டைலில் சொல்லும் ஃபான்டைக் கண்டுகொள்ளாது. விட்ஜெட்டிலேயே ஃபான்ட் ஆப்ஷனாகக் கொடுங்கள். அல்லது நேம்டுஃபான்ட் வழியாக 'டிகேடெக்ஸ்ட்ஃபான்ட்' என்ற பெயருள்ள ஃபான்டின் அளவை மாற்றுங்கள், எல்லாப் பெட்டியும் சேர்ந்து மாறும்.

கீழே விரியும் பட்டியலின் நிறமோ ஃபான்டோ மாறவில்லை. அந்தப் பட்டியல் பழைய டிகே லிஸ்ட்பாக்ஸ். ஸ்டைல் அங்கே எட்டாது. ரூட்டின் ஆப்ஷன்_ஆட் மெத்தடில் '*டிகாம்போபாக்ஸ்*லிஸ்ட்பாக்ஸ்.ஃபான்ட்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பட்டியல் ஒரு முறை விரிந்துவிட்டால் அப்புறம் சொல்வது எடுபடாது, ஆகவே புரோகிராமின் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

மதிப்பு தானாக மாறுகிறது. இதைச் சொல்லத்தான் இந்தத் தலைப்பையே ஆரம்பித்தேன். ஒரு நாள் காலையில் கடைக்காரர் போன் செய்தார். "தம்பி, நேத்து மூணு பில்லுல வரி மாறியிருக்கு. 5 இருக்க வேண்டிய இடத்துல 18 விழுந்திருக்கு. நான் கையே வைக்கல." கோடு முழுக்கப் படித்தேன், ஒன்றும் இல்லை. கடைசியில் கடைக்கே போய் கவுண்டர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். கவுண்டரில் இருந்த பையன் பொருள் பட்டியலை மவுஸ் சக்கரத்தால் கீழே உருட்டிக்கொண்டே இருந்தான். அம்பு மெல்ல நகர்ந்து வரி விகிதப் பெட்டி மேல் போய் நின்றது. அவன் இன்னும் உருட்டிக்கொண்டிருந்தான். பட்டியல் நின்றுவிட்டது, வரி மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. அவன் கண் பட்டியலில்தான் இருந்தது.

டிடிகே காம்போபாக்ஸின் இயல்பே இது: சக்கரம் உருண்டால் அடுத்த மதிப்புக்குத் தாவும். ரீட்ஒன்லி ஆக்கினாலும் தாவும், டிசேபிள் ஆக்கினால்தான் நிற்கும். ஒரு பெட்டிக்கு மட்டும் நிறுத்த, அதில் மவுஸ்வீல் நிகழ்வை ஒரு ஃபங்ஷனோடு பைண்ட் செய்து (இணைத்து), அதிலிருந்து 'பிரேக்' என்ற சரத்தைத் திருப்பி அனுப்புங்கள். எல்லாப் பெட்டிக்கும் என்றால் பைண்ட்_கிளாஸில் 'டிகாம்போபாக்ஸ்' என்று கொடுத்து ஒரே அடியாக முடிக்கலாம். டிகே 8.6 லினக்ஸில் சக்கரம் மவுஸ்வீலாக வராது, பட்டன்-4, பட்டன்-5 என்று வரும். அந்த இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விரியும் பட்டியலுக்குள் சக்கரம் வழக்கம்போல ஓடும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கோட்டைத் திருத்துவது நம் வேலை. தவறான வரியோடு ஏற்கெனவே வாடிக்கையாளர் கைக்குப் போய்விட்ட பில்களை டேட்டாபேஸில் போய்த் திருத்தாதீர்கள். அதை ஆடிட்டரிடம் விட்டுவிடுங்கள்.

## கோளாறு 4: ட்ரீவியூ பட்டியல்

### எழுத்து மேலும் கீழும் வெட்டுப்படுகிறது

தமிழில் பெயர் போட்டால் இது கட்டாயம் வரும். 'மூடி' என்று எழுதினால் மூவின் வால் அறுந்து முடி போலத் தெரியும். 'பூட்டு' என்றால் நடுவில் இருக்கும் புள்ளி மேல் வரிசைக்குள் போய் மறைந்துவிடும். டிகே 8.6-இல் வரிசையின் உயரம் 20 பிக்சல் என்று நின்றுவிடும், ஃபான்டைப் பெரிதாக்கினாலும் அது உயராது.

ஃபான்ட் பொருளின் மெட்ரிக்ஸ் மெத்தடில் 'லைன்ஸ்பேஸ்' கேளுங்கள், வரும் எண்ணோடு ஆறோ எட்டோ கூட்டி, ட்ரீவியூ ஸ்டைலின் ரோஹைட்டாகக் கொடுங்கள். நேரடியாக 30 என்று எண்ணை எழுதிவைத்தால் உங்கள் லேப்டாப்பில் சரியாக இருக்கும், கடைக் கம்ப்யூட்டரில் மறுபடி வெட்டுப்படும். விண்டோஸில் நிர்மலா யுஐ ஃபான்டைப் பெயர் சொல்லிக் கேட்பதும் நல்லது. விண்டோஸ் 8 முதல் அது கூடவே வருகிறது.

### வரிசைக்கு டேக் வைத்து நிறம் கொடுத்தேன், வரவில்லை

டேக் பெயரில் இடைவெளி இருக்கிறதா பாருங்கள். 'ஸ்டாக் குறைவு' என்று வெறும் சரமாகக் கொடுத்தால் அது 'ஸ்டாக்', 'குறைவு' என்று இரண்டு டேக் ஆகிவிடும். டியூபிளாகக் கொடுங்கள், ஒரே ஒரு டேக் என்றாலும் கடைசியில் காற்புள்ளி வேண்டும்.

பெயர் சரி என்றால் பதிப்பைப் பாருங்கள். பைத்தான் 3.7.3-உடன் வந்த டிகே 8.6.9-இல் டேக் நிறம் வேலை செய்யாத கோளாறு இருந்தது. டிகே பொருளின் கால் மெத்தடில் 'இன்ஃபோ', 'பேட்ச்லெவல்' என்று இரண்டு சொற்களைக் கொடுத்தால் மூன்று எண்ணும் சேர்ந்து வரும். 8.6.9 என்று வந்தால் புதிய பைத்தானைப் போடுவதே சுத்தமான தீர்வு. மாற்ற முடியாத கம்ப்யூட்டர் என்றால், ட்ரீவியூவின் மேப்பில் ஃபோர்கிரவுண்டு, பேக்கிரவுண்டு பட்டியல்களை எடுத்து, 'டிசேபிள்டும் இல்லை, செலக்டடும் இல்லை' என்ற நிலைக்கு இருக்கும் வரியை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி மேப் செய்யுங்கள்.

வரிசைகள் முடிந்த பிறகு கீழே மிஞ்சும் காலி இடம் மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் அது ஃபீல்ட்பேக்கிரவுண்டு.

## கோளாறு 5: கூடவே ஒரு சின்னக் காலி ஜன்னல் திறக்கிறது

இந்தக் காலி ஜன்னல் தனியாக வராது. ஸ்டைல் எடுபடாது, பெட்டியின் மதிப்பை வைத்திருக்கும் ஸ்ட்ரிங்வார் காலியாக இருக்கும், 'பைஇமேஜ்2 இல்லை' என்று படம் அடம்பிடிக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே காரணம், இரண்டு ரூட் ஓடுகிறது.

டிகே() இரண்டு இடத்தில் இருந்தால் இரண்டாவதை டாப்லெவல் (ரூட்டுக்குக் கீழ் திறக்கும் கூடுதல் ஜன்னல்) ஆக்குங்கள். லாகின் ஜன்னல் ஒரு கோப்பில், மெயின் ஜன்னல் இன்னொரு கோப்பில் என்று எழுதுபவர்கள் எல்லோரும் இதில் விழுவார்கள்.

ஒரு டிகே()தான் இருக்கிறது, ஆனாலும் காலி ஜன்னல் வருகிறதா? டிகே() வரிக்கு மேலே டிடிகேயின் ஸ்டைல்() இருக்கிறதா என்று பாருங்கள். ரூட் இல்லாமல் ஸ்டைலைக் கூப்பிட்டால் டிகிண்டர் தானே ஒரு ரூட்டை உருவாக்கிக்கொள்ளும். உங்கள் நிறங்களெல்லாம் அந்தக் காலி ஜன்னலுக்குப் போயிருக்கும். ஸ்டைல் வரியை ரூட்டுக்குக் கீழே இறக்குங்கள், போதும்.

## கோளாறு 6: பட்டனில் படம் தெரியவில்லை

'ஃபங்ஷனுக்கு வெளியே எழுதினால் வருகிறது, ஃபங்ஷனுக்குள் போட்டால் வரவில்லை' என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்: போட்டோஇமேஜைப் பைத்தான் குப்பையில் போட்டுவிட்டது. ஃபங்ஷன் முடிந்ததும் அதைப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. விட்ஜெட்டின் மேலேயே ஒரு பெயரில் மாட்டி வையுங்கள், 'லேபிள்.இமேஜ்' என்று எழுதி அதில் படத்தை வைப்பது வழக்கம்.

பிழையோடு நின்றால் கோப்பு வகையைப் பாருங்கள். டிகே 8.6 பிஎன்ஜியையும் ஜிஃபையும் நேராகத் திறக்கும், ஜேபெக் திறக்காது. அதற்குப் பில்லோ நூலகம் வேண்டும். ஜேபெக் கோப்பின் பெயரை மட்டும் பிஎன்ஜி என்று மாற்றுகிறவர்களும் உண்டு. அது வேலைக்காகாது.

## கோளாறு 7: பட்டன் நடத்தை சரியில்லை

ஜன்னல் திறந்ததும் தானாக வேலை செய்கிறது, அப்புறம் அழுத்தினால் ஒன்றும் இல்லை. கமாண்டில் ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டிருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். கொஞ்ச நேரம் கழித்து ஃபங்ஷனை ஓட்டும் ஆஃப்டர் மெத்தடிலும் இதே தவறு வரும்.

லூப்பில் பத்துப் பட்டன், எதை அழுத்தினாலும் பத்தாவதுதான் ஓடுகிறது. லாம்டாவில் லூப் மாறியை நேராக எழுதாமல் டிஃபால்ட் மதிப்பாகப் பிடித்துக் கொடுங்கள்.

'நன்டைப்'புக்கு கெட் இல்லை என்று பிழை. என்ட்ரியை உருவாக்கிய அதே வரியில் கிரிட் அல்லது பேக் ஒட்டியிருக்கும். அவை எதையும் திருப்பித் தராது. இரண்டு வரியாகப் பிரியுங்கள்.

என்டர் தட்டினால் பட்டன் வேலை செய்யவில்லை. டிடிகே பட்டன் ஸ்பேஸுக்குத்தான் பதில் சொல்லும். 'ரிட்டர்ன்' நிகழ்வை பைண்ட் செய்யுங்கள், பைண்ட் கூப்பிடும் ஃபங்ஷன் ஒரு ஈவென்டை வாங்கிக்கொள்ள வேண்டும். விண்டோஸில் எல்லாம் சரியாக ஓடி, லினக்ஸில் எண் பலகையின் என்டர் மட்டும் செத்துக்கிடந்தால் 'கேபி_என்டர்' என்பதையும் பைண்ட் செய்யுங்கள். கவுண்டரில் உட்காருபவர்கள் எண் பலகையை விட்டுக் கையை எடுக்கவே மாட்டார்கள், ஆகவே இதை விட்டுவிடாதீர்கள்.

## கோளாறு 8: விலைப் பெட்டியில் கண்டதையும் தட்ட முடிகிறது, அல்லது எதையுமே தட்ட முடியவில்லை

எண் மட்டும் ஏற்க வேண்டும் என்று, தட்டுவதைச் சோதிக்கும் வேலிடேட்கமாண்ட் எழுதியிருப்பீர்கள்.

முதல் எழுத்து வரை தடுக்கிறது, அப்புறம் எல்லாவற்றையும் விடுகிறதா? உங்கள் ஃபங்ஷன் ஏதோ ஒரு வழியில் ட்ரூவும் ஃபால்ஸும் தராமல் முடிகிறது. அப்படி ஒரு முறை நடந்தாலே டிகே சோதனையை நிரந்தரமாக நிறுத்திவிடும், எச்சரிக்கைகூடத் தராது. எல்லா இஃப் கிளைக்கும் ரிட்டர்ன் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். பழைய டிகே என்ட்ரி என்றால், சோதனை ஃபங்ஷனுக்குள்ளேயே பெட்டியின் மதிப்பை மாற்றினாலும் இதே கதிதான்.

கடைசி இலக்கத்தை பேக்ஸ்பேஸில் அழிக்க முடியவில்லை என்றால் காலிச் சரத்தை நீங்கள் மறுக்கிறீர்கள். அதையும் ஏற்க வேண்டும்.

இன்னொன்று கடையில் வைத்துத்தான் கற்றுக்கொண்டேன். ஸ்க்ரூ ஒன்று 50 காசு. நான் சோதித்தபோது 0.50 என்று தட்டினேன், ஓடியது. கடைக்காரர் .50 என்று தட்டினார், பெட்டி அசையவில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் சோதனை நடக்கிறது, முதல் எழுத்து வெறும் புள்ளி, வெறும் புள்ளியை ஃப்ளோட் ஏற்காது. "இந்தப் பொட்டி புள்ளிய முழுங்குது தம்பி" என்றார். தனிப் புள்ளியையும் அனுமதிக்கப்பட்ட நிலையாகச் சேர்த்தேன், சேமிக்கும்போது இன்னொரு முறை முழுதாகச் சோதிக்கிறேன்.

## கோளாறு 9: ஜன்னல் உறைந்துபோகிறது

ஜன்னலின் தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' வருகிறதா? பட்டனின் ஃபங்ஷனுக்குள் டைம்.ஸ்லீப் இருக்கிறதா என்று தேடுங்கள். 'சேமிக்கப்பட்டது' என்று மூன்று நொடி காட்டுவதற்காக யாராவது வைத்திருப்பார்கள். ஆஃப்டர் மெத்தடில் 3000 என்று கொடுங்கள், அது மில்லிநொடிக் கணக்கு.

ஸ்லீப் இல்லை, பிரிண்டரோ நெட்வொர்க்கோ இழுக்கிறது என்றால் அந்த வேலையை, பக்கத்தில் இணையாக ஓடும் தனித் த்ரெட்டுக்கு அனுப்புங்கள். அந்த த்ரெட் விட்ஜெட்டைத் தொடக் கூடாது. முடிவை ஒரு கியூவில் போடட்டும், மெயின் பக்கம் ஆஃப்டரை வைத்து அவ்வப்போது கியூவை எட்டிப் பார்க்கட்டும்.

லூப்புக்குள் அப்டேட் மெத்தடைத் தூவி உறைவதைத் தவிர்க்கலாம் என்று சொல்வார்கள். உறையாது, வாஸ்தவம். ஆனால் லூப் ஓடும்போதே பயனர் மறுபடி சேமி பட்டனை அழுத்தினால் அதுவும் உள்ளே புகுந்து ஓடும். ஒரே பில் இரண்டு முறை பதியும். த்ரெட்டும் கியூவும் கைவராதவர்கள் இந்த இடத்தில் தெரிந்தவர் ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். பணம் புழங்கும் புரோகிராமில் இதைக் குருட்டாம்போக்கில் செய்யக் கூடாது.

## கோளாறு 10: விண்டோஸில் எழுத்தெல்லாம் மங்கலாக இருக்கிறது

திரையின் அளவு 125 அல்லது 150 சதவீதத்தில் வைக்கப்பட்டிருக்கும். சிடைப்ஸ் வழியாக ஷ்கோர் நூலகத்தின் செட்பிராசஸ்டிபிஐஅவேர்னஸ் ஃபங்ஷனை 1 கொடுத்து அழையுங்கள். டிகே() வரிக்கு முன்னால் இருக்க வேண்டும். லினக்ஸில் அந்த நூலகம் இல்லை, ஆகவே விண்டோஸா என்று பார்த்துவிட்டு அழையுங்கள். மங்கல் போனதும் பிக்சலில் கொடுத்த அளவுகள் எல்லாம் சிறுத்துத் தெரியும். ட்ரீவியூவின் ரோஹைட்டுக்கு மறுபடி போக வேண்டியிருக்கும்.

## கோளாறு 11: லினக்ஸில் தமிழ் எழுத்துகள் கலைந்து தெரிகின்றன

விண்டோஸில் 'பெட்டி' என்று சரியாகத் தெரிந்தது. உபுண்டுவில் 'ப'வுக்கு முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கிறது. முதலில் எல்லோரும் ஃபான்டைத்தான் மாற்றிப் பார்ப்பார்கள். நானும் கையில் இருந்த தமிழ் ஃபான்ட் அத்தனையையும் போட்டுப் பார்த்தேன்.

அதே சொல்லை அதே கம்ப்யூட்டரில் டெக்ஸ்ட் எடிட்டரில் தட்டிப் பாருங்கள். அங்கேயும் கலைந்திருந்தால் தமிழ் ஃபான்ட் சரியாக நிறுவப்படவில்லை, அதை நிறுவினால் போதும். அங்கே சரியாக இருந்து உங்கள் ஜன்னலில் மட்டும் கலைந்தால், எந்த ஸ்டைலாலும் தீமாலும் தீராது. டிகே 8.6 லினக்ஸில் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து வைக்கும், முன்பின் மாற்றி அடுக்கத் தெரியாது. விண்டோஸிலும் மேக்கிலும் அந்த வேலையை இயங்குதளம் பார்த்துக்கொள்வதால் அங்கே தப்பித்தோம்.

தலைப்பும் நாலு லேபிளும் மட்டும்தான் தமிழ் என்றால் பில்லோவில், எழுத்துகளைச் சரியாக அடுக்கும் ராக்ம் வசதியோடு, எழுத்தைப் படமாக வரைந்து ஒட்டலாம். வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் தட்டும் பெட்டி வேண்டும் என்றால் அது நடக்காது. க்யூட்டி, ஜிடிகே என்ற வேறு திரை நூலகங்களில் ஒன்றுக்கு மாற வேண்டும், இரண்டும் ஹார்ஃப்பஸ் நூலகத்தை வைத்துத் தமிழைச் சரியாக அடுக்குகின்றன. மாறுவது என்றால் திரைப் பகுதி முழுக்கத் திரும்ப எழுதுவது. பார்வையற்ற ஊழியர் ஒருவர் ஸ்கிரீன் ரீடரோடு பயன்படுத்த வேண்டும் என்ற தேவை வந்தாலும் இதே முடிவுக்குத்தான் வருவீர்கள், டிகே 8.6-இன் விட்ஜெட்டுகள் ஸ்கிரீன் ரீடருக்குப் பிடிபடாது. இரண்டு தேவையில் எது இருந்தாலும் க்யூட்டி தெரிந்தவரிடம் திரைகளை எண்ணிக் காட்டி, எழுதுவதற்கு எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

எங்கள் கடைக்காரருக்கும் லினக்ஸுக்கு மாறும் எண்ணம் இருந்தது, லைசென்ஸ் காசு மிச்சம் என்று. கலைந்த 'பெட்டி'யையும் திரும்ப எழுத ஆகும் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "பழைய விண்டோஸே இருக்கட்டும் தம்பி, அந்த வரிப் பொட்டி மட்டும் ஆடாம பாத்துக்க" என்றார்.